கை எட்டுகிற படகு: சென்னையில் பாய்மரப் படகு கட்டப் போகிறவர்களுக்கு

படகு கட்டப் போகிறேன் என்றதும் ராயபுரத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஹெச்பி?" பாய்மரப் படகு என்றதும் அடுத்த கேள்வி: "ஏன் சார், டீசல் விலைக்குப் பயந்துட்டீங்களா?"

31 வருடம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் இருந்தவன் நான். சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு நாள்கூடக் கவலைப்பட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் (1911-இல் தொடங்கியது) பொழுதுபோக்காகப் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2022 ஜனவரியில் எண்ணூர் பக்கம் ஒரு கொட்டகையில் 28 அடிப் படகுக்கு ஏராக்கட்டை (படகின் முதுகெலும்பு மரம்) போட்டோம். 14 மாதத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. 2024 மார்ச்சில் தண்ணீரில் இறங்கியது. கணக்குப் போட்டால் 26 மாதம்.

அந்த 26 மாதத்தில் நான் பட்ட பாடு அடுத்தவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்ஜின் ரூமில் கற்ற ஒரே ஒரு பாடத்தைத்தான் இதில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: ஒழுகுவது, உடைவது, துருப்பிடிப்பது எல்லாம் கை எட்டாத இடத்தில்தான் நடக்கும். கை எட்டுகிற இடத்தில் இருப்பதை நாம் தினம் பார்த்துவிடுகிறோம். அதனால் கட்டும்போதே எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு செய்யலாம் என்றால் ரம்பம் எடுக்க வேண்டிவரும்.

வரைபடம்

நீங்களே டிசைன் செய்ய ஆசைப்படாதீர்கள். வெளிநாட்டு டிசைனர்கள் பலர் தயார் வரைபடங்கள் விற்கிறார்கள். அதே வரைபடத்தில் ஏற்கெனவே இருபது முப்பது படகு மிதக்கிறது என்றால் அதைவிட நல்ல சான்றிதழ் வேறில்லை. கீல் (படகுக்கு அடியில் தொங்கி அதை நிமிர்த்திவைக்கிற கனம்), பாய்மரம், பலகையின் தடிப்பு, இந்த மூன்றில் கை வைக்கக் கூடாது. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரியை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியே ஆக வேண்டும். வரைந்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். எனக்கு வந்த வரைபடத்தில் ஹீட்டருக்கு இடம் இருந்தது, மின்விசிறிக்கு இல்லை. பின்பக்கத்தில் குகை மாதிரி ஒரு படுக்கை. மே மாதம் அதில் படுத்தால் இட்லிதான். அதை எடுத்துவிட்டுக் கயிறு, பாய் வைக்கிற இடமாக்கினேன். மேல்தளத்தில் திறக்கிற ஜன்னல் இரண்டு இருந்ததை நாலாக்கினேன், அதுவும் டிசைனருக்கு எழுதிக் கேட்டு, அவர் சொன்ன இடத்தில். மேல்தளத்துக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் பூசாதீர்கள். தேக்குப் பலகை ஒட்டுவது அழகுதான், நம் வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

ஆழம் முக்கியம். கீல் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு நன்றாகக் காற்றை எதிர்த்து ஏறும். ஆனால் என்றாவது பாக் ஜலசந்திப் பக்கம் போக ஆசை இருந்தால் அங்கே தண்ணீர் மெல்லிசு. சேதுத் திட்டுகளின் மேல் பல இடங்களில் ஆள் மட்டம்கூட இருக்காது. நான் 1.4 மீட்டரில் நிறுத்தினேன்.

எதில் கட்டுவது? நம் கரையில் ஃபைபர் போட் செய்யத் தெரிந்த கை ஏராளம். ஆனால் ஃபைபரில் ஓடு (படகின் வெளி உடல்) எடுக்க முதலில் அச்சு வேண்டும். ஐம்பது படகு எடுக்கிறவருக்கு அச்சு கட்டுப்படியாகும், ஒரே ஒரு படகுக்கு அச்சு செய்வது கல்யாணத்துக்கு ஓட்டல் கட்டுகிற மாதிரி. ஒற்றைப் படகுக்கு மரம்தான் சரி. ப்ளைவுட்டை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, வெளியே கண்ணாடியிழைத் துணி போர்த்துகிற முறை. மரம் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1968-69-இல் எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் படகு சுஹைலி பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. நம் கடற்படையின் மாதேய், கோவாவில் 2009-இல் கட்டி முடித்தது, அதுவும் மரத்தின் மேல் கண்ணாடித் துணி போர்த்தியதுதான்.

வரைபடத்தில் வங்குகளின் (படகின் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்) முழு அளவு வடிவம் வேண்டும். நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் முழு அளவில் அச்சடித்து வந்தேன். ஒரு பக்கம் தலைவர் பிறந்தநாள் வாழ்த்து காய்கிறது, பக்கத்தில் என் வங்கு காய்கிறது. கொட்டகையில் விரித்து டேப் வைத்தால் 3 மீட்டர் கோடு 8 மில்லிமீட்டர் கூடுதல். வெயிலில் இழுபட்டிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் ஒவ்வொரு வங்கிலும் ஒவ்வொரு விதமாகப் போனால் படகு வாழைப்பழம் மாதிரி வளையும். மாடுலர் கிச்சன் செய்கிறவர்களிடம் கணினி ரம்பம் இருக்கிறது. டிசைனரிடம் வெட்டும் கோப்பு வாங்கி அவர்களிடம் கொடுத்தால் அரை மில்லிமீட்டர் பிசகாமல் ப்ளைவுட்டிலேயே வெட்டித் தருவார்கள். அம்பத்தூரில் இரண்டு நாளில் முடிந்தது. ஃப்ளெக்ஸ் கொட்டகைக்குக் கூரையாகப் பயன்பட்டது.

பலகையை வேக வைத்துப் பாருங்கள்

மரைன் ப்ளைவுட் என்று சீல் அடித்ததெல்லாம் மரைன் ப்ளைவுட் இல்லை. நம்மூர் தரம் ஐஎஸ் 710. அதன்படி ஒரு துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஏடு பிரியக் கூடாது. நான் மூன்று கடைகளிலிருந்து கையகலத் துண்டு வாங்கிவந்து, பழைய குண்டானில் தண்ணீர் ஊற்றி, பின்கட்டில் அடுப்பு மூட்டினேன். பகலெல்லாம் கொதி, ராத்திரி ஆறவிடு, மறுநாள் மறுபடி கொதி. இரண்டாம் நாள் என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, மத்தியானத்துக்கு ப்ளைவுட் ரசமா?" என்றாள். தண்ணீர் நிஜமாகவே ரசம் நிறத்தில்தான் இருந்தது.

முதல் துண்டு அன்று சாயங்காலமே வெங்காயம் உரிகிற மாதிரி ஏடு ஏடாக வந்தது. கடையில் அதற்குத்தான் விலை அதிகம். இரண்டாவது ஓரத்தில் வாய் பிளந்தது. மூன்றாவதை மூன்றாம் நாள் எடுத்து, உளியை இடுக்கில் வைத்துச் சுத்தியலால் தட்டினால், ஒட்டு பிரியாமல் மரமே நார் நாராகக் கிழிந்தது. அதுதான் வேண்டும். ஒட்டு மரத்தைவிடப் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடையில் 42 ஷீட் வாங்கினேன். வாங்கும்போதும் ஒவ்வொரு ஷீட்டையும் நாணயத்தால் தட்டிக் கேட்டோம். உள் ஏட்டில் ஓட்டை இருந்தால் சத்தம் பொத்தென்று மாறும். ஆறு ஷீட்டைத் திருப்பி அனுப்பினோம். கடைப்பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஒப்பந்தம்

பணத்தை வேலைக்குப் பின்னால் நடக்க விடுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள். நான் எழுதியது இது: கையெழுத்துக்கு 10 சதவீதம், வங்குகள் நின்று ஓடு மூடி, கவிழ்த்துக் கட்டிய படகைத் திருப்பிப் போட்டதும் 25, மேல்தளம் மூடியதும் 20, இன்ஜின் உட்கார்ந்ததும் 15, தண்ணீரில் இறங்கியதும் 20, கடலில் ஓட்டிப் பார்த்துக் குறையெல்லாம் தீர்ந்த பிறகு மிச்சம் 10. அந்தக் கடைசி 10-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். படகு தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து பட்டறைக்காரர் போனை எடுக்க வைப்பது அதுதான்.

இன்னும் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். ஒன்று, பணம் கட்டிய அளவுக்குப் படகும் பொருளும் உங்கள் உடைமை. பட்டறை நொடித்துப் போனால் கடன்காரர்கள் பூட்டுப் போடுவது கொட்டகைக்குத்தான், உள்ளே இருப்பது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்ஜின் பெட்டியிலிருந்து பெயின்ட் டப்பாவரை என் பெயரை எழுதி வைத்தேன். இரண்டு, 'எக்ஸ்ட்ரா' என்கிற சொல். எழுத்தில் விலை பேசாமல் எந்த எக்ஸ்ட்ராவும் கிடையாது. வாய்வார்த்தையாகச் சொன்ன ஒரு அலமாரி எனக்கு 38 ஆயிரம் ஆனது.

ஓட்டைப் பார்த்து மயங்காதீர்கள். திருப்பிப் போட்ட அன்று படகு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், எல்லாரும் வந்து போட்டோ எடுப்பார்கள். என் கணக்கில் ஓடும் மேல்தளமும் சேர்ந்து மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பாய், பாய்மரம், இன்ஜின், கம்பி, குழாய், கைப்பிடி. வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உல்லாசப் படகுகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. நான் தப்பித்தேன்.

பதிவுக்கு ராஜாஜி சாலையில் இருக்கிற மெர்கன்டைல் மரைன் அலுவலகத்துக்கு, ஏராக்கட்டை போடுவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். 1958-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பழைய படகுக்காரர் சொல்வதை நம்பிப் போக வேண்டாம். எந்தக் கட்டத்தில் சர்வேயர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூடிய பிறகு "உள்ளே என்ன இருக்கு, பிரிச்சுக் காட்டு" என்றால் அழ வேண்டியதுதான்.

எபாக்ஸியும் வெயிலும்

மேஸ்திரி நாகப்பட்டினத்துக்காரர், தங்கமான கை. ஆனால் இருபது வருடம் ஃபைபர் போட் செய்த கை. ஃபைபருக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடப் போனால் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் குறைந்தால் மெதுவாக இறுகும், அவ்வளவுதான். அதனால் கண்ணளவில் ஊற்றுவது பழக்கம். எபாக்ஸி அப்படி இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கிறவை. ஹார்டனர் கூடினால் கூடினது தனியாக நிற்கும், பிசுபிசுப்பாகவே என்றைக்கும் இருக்கும். நான் சமையலறைத் தராசைக் கொண்டுபோய் வைத்தபோது, "என்ன சார், சித்த மருந்து மாதிரி அளக்குறீங்க?" என்று சிரித்தார். இரண்டாம் வாரம் அவர் பார்க்காத நேரத்தில் ஒரு பையன் 'சீக்கிரம் காயட்டும்' என்று கூடுதலாக ஊற்றிவிட்டான். ஒட்டின பலகை நாலு நாள் கழித்தும் விரலில் ஒட்டியது. சுரண்டி எடுக்க இரண்டு நாள். அதற்கப்புறம் தராசைத் தொடாமல் யாரும் டப்பாவைத் தொடவில்லை. மேஸ்திரி தராசுக்குப் பொட்டுகூட வைத்தார், ஆயுத பூஜைக்கு.

மெதுவான ஹார்டனர் என்று கேட்டே வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கலக்கி வைத்த எபாக்ஸி குவளையிலேயே சூடேறிப் புகைவிட ஆரம்பிக்கும். ஆழமான டம்ளரில் வைத்தால் இன்னும் வேகம். அகலத் தட்டில் பரப்பி, சின்னச் சின்ன அளவாகக் கலக்க வேண்டும். நாங்கள் காலை நாலரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்துவோம். இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து, ஈரமான எபாக்ஸி வழியே குமிழ் குமிழாக வெளியே வரும்.

காற்றில் ஈரம் அதிகமான நாளில், காய்ந்த எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு படியும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு வருடத்தில் தோல் உரியும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் வைத்துக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை உள்ளே அழுத்தித் தேய்க்கிறீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுகிற வேலை வைக்காதீர்கள். தச்சு வேலை, அலமாரி வேலை வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொட்டகையில் முழங்கால் தண்ணீர். பெட்டி பிரிக்காத இன்ஜின் கீழே இருந்திருந்தால் என் கதை முடிந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர் என்பதால் மேஸ்திரி அதை நவம்பரிலேயே செயின் பிளாக் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகச் செய்தது.

இரும்பும் பித்தளையும்

கீல் வார்ப்பிரும்பு. ஈயம் இன்னும் நல்லது, கனம் கூட, துருப்பிடிக்காது, ஆனால் உருக்கும்போது வருகிற புகை விஷம், செலவும் அதிகம். வார்ப்படத்துக்காரரிடம் மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், அதைக் கூட்டிச் செய்யாவிட்டால் போல்ட் ஓட்டைகள் சேராது. எங்களுடையது 1,150 கிலோ வர வேண்டியது. லாரியோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 1,220. வார்ப்படத்துக்காரர் "கூடத்தானே சார் வந்திருக்கு, கொறையலையே" என்றார், ஆட்டுக்கறி நிறுக்கிற மாதிரி. டிசைனருக்கு எழுதினேன். தண்ணீர்த் தொட்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினால் போதும் என்று பதில் வந்தது. தொட்டி அப்போது செய்யப்படவில்லை, அதனால் பிழைத்தேன். அந்த நகர்த்தல் வேறு ஒரு வினையைக் கொண்டுவந்தது, பிறகு சொல்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடலுக்கு 316. 304 நம் கடல்காற்றில் டீக்கறை மாதிரி வடியும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பாரிமுனையில் 316 என்று பில் போட்டுக் கொடுத்த ஒரு லாட் ஸ்குரூவை ஒரு வாளி கடல்நீரில் பாதி முங்குகிற மாதிரி மொட்டைமாடியில் மூன்று வாரம் வைத்தேன். பாதி பேர் பழுப்பு. 316-இல் மாலிப்டினம் இருக்கும், அதைக் காட்டுகிற சொட்டு மருந்து கிடைக்கிறது, ஒரு பாட்டில் வாங்கிவிடுங்கள். வாளியைவிட வேகம்.

பித்தளை விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓட்டில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட்டுப் பொருத்துகிற வால்வு எதுவும் வீட்டுக் குழாய்க் கடைப் பித்தளையாக இருக்கக் கூடாது. கடல்நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவைக்கும். வெளியே பார்த்தால் வால்வு முழுசாக இருக்கும், கொஞ்சம் ரோஜா நிறமாக மாறியிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் பிடியைத் திருப்பினால் பிஸ்கட் மாதிரி கையோடு வரும். வெண்கலம் வாங்குங்கள், அல்லது படகுக்கென்றே செய்கிற நைலான் கலவை வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்தத் துளைக்குச் சரியான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். உடைந்தால் அடித்துச் செருகத்தான்.

அட்டை இன்ஜின்

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின் யான்மார் 2ஒய்எம்15, இரண்டு சிலிண்டர், 13.6 குதிரைத்திறன். அது வருவதற்கு நாலு மாதம் முன்பே, கம்பெனி வரைபடத்தைப் பார்த்து அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் ஒரு பொய் இன்ஜின் செய்தோம். எண்ணெய் பார்க்கிற குச்சி, டீசல் ஃபில்டர், கடல்நீர் பம்ப், ஸ்டார்ட்டர் எல்லாம் அந்தந்த இடத்தில் டப்பாவாகவும் குச்சியாகவும் ஒட்டினோம். அதை இன்ஜின் அறையில் உட்கார வைத்து, நான் ஸ்பேனரோடு உள்ளே நுழைந்தேன்.

வரைபடத்தின்படி எல்லாம் சரி. ஆனால் கடல்நீர் பம்பின் மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் வலது கையைப் படிக்கட்டுக்குப் பின்னால் விட்டு, தலையைத் தரைக்குக் கொடுத்து, ஆறு சின்ன ஸ்குரூவைப் பார்க்காமலேயே திருக வேண்டும். அந்த பம்புக்குள் ரப்பர் இறக்கை ஒன்று இருக்கிறது. இன்ஜினைக் குளிர வைக்கிற கடல்நீரை இழுப்பது அதுதான். ஒரு பிளாஸ்டிக் பை உறிஞ்சுகுழாயை அடைத்தால் நிமிடங்களில் கிழிந்துவிடும், நம் துறைமுகத்தில் பிளாஸ்டிக் பைக்குப் பஞ்சமில்லை. கிழிகிற நேரம் எதுவென்றால், காற்று விழுந்துபோய், பின்னால் ஒரு கன்டெய்னர் கப்பல் ஹாரன் அடிக்கிற நேரம். அப்போது தலைகீழாகத் தொங்கி ஆறு ஸ்குரூ. ஒன்று பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், விழும்.

பக்கத் தடுப்பில் ஒன்றரை அடிக் கதவு ஒன்று வெட்டினோம். மேஸ்திரிக்கு அழகு கெடுகிறதென்று வருத்தம். "சார், ஷோகேஸ் வர்ற இடம் சார் அது." நான் அவரையே உள்ளே இறக்கிக் கழற்றச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து வியர்வையோடு வெளியே வந்தவர், ரம்பத்தை அவரே எடுத்தார்.

அந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரு விளையாட்டு. எதைப் பொருத்தினாலும் பொருத்துகிறவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் தொட வேண்டும், பிறகு ஸ்பேனர் போட்டுக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். முடியாவிட்டால் இடம் மாற்று. குழாய்க் கிளாம்ப், பாய்மரக் கம்பிகள் பிடிக்கிற தகடுகளின் நட்டு, சுக்கான் இணைப்பு, மேல்தளத்தில் பூட்டின ஒவ்வொரு சாமானின் அடிப்பக்க நட்டு. உள்கூரைப் பலகையை ஆணி அடித்து மூடாதீர்கள், வெல்க்ரோ அல்லது ஸ்குரூ. மூடுவதற்கு முன்னால் மேலே ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடியுங்கள், உள்ளே நியூஸ்பேப்பர் விரித்து வையுங்கள். எங்களுக்கு மூன்று இடத்தில் பேப்பர் நனைந்தது. மூடிய பிறகு தெரிந்திருந்தால் தண்ணீர் உள்ளே வருகிற இடமும் சொட்டுகிற இடமும் ஐந்தடி தள்ளி இருக்கும், கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போயிருக்கும்.

மின்சாரத்திலும் இதேதான். ஒயரைப் பலகைக்குப் பின்னால் அப்படியே விடாமல் குழாயில் விடுங்கள், குழாய்க்குள் ஒரு நைலான் சரடும் போட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு ஒயரை இழுக்க. ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், ஆனால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் என்று கேட்டு, முனையைச் சீவிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளியாக இருக்க வேண்டும். வீட்டு ஒயர் இரண்டே வருடத்தில் உள்ளுக்குள் கறுத்துவிடும். 12 வோல்ட்டில் தூரம் போகப் போக வோல்ட் குறையும். அணியத்து (படகின் முன்முனை) விளக்குக்குப் போகிற ஒயர் வீட்டுக் கணக்கில் பார்த்தால் அநியாயத் தடிமனாகத் தெரியும், அது சரிதான். பில்ஜ் பம்பின் தானியங்கி இணைப்பை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு, நேராக பேட்டரியில் எடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது விழித்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வைத்தால் சுற்றிலும் 100 மில்லிமீட்டர் ஃபோம். குளிர்நாட்டு வரைபடம் 50 போட்டிருக்கும், நம்மூரில் அது பேட்டரியைக் குடிக்கிற பூதம்.

பாயும் பாய்மரமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஏராக்கட்டை போட்ட அன்றே ஆர்டர் கொடுங்கள். எனக்குக் கப்பலில் வந்து கஸ்டம்ஸைத் தாண்ட ஏழு மாதம் ஆனது. முன்பாயின் ஓரத்தில் வெயிலுக்குப் பலியாக ஒரு பட்டை தைத்து வரச் சொல்லுங்கள். பாய்களை இழுக்கிற கயிறு பாலியெஸ்டர், நங்கூரத்துக்கு இழுத்தால் நீளுகிற நைலான். காசிமேட்டில் வாங்கலாம், தரமாகவே இருக்கிறது. வயர்லெஸ் செட்டுக்கு லைசென்ஸ் எடுங்கள். அனுமதி இல்லாத சாட்டிலைட் போன் வெளிநாட்டு நண்பர் கொடுத்தாலும் வேண்டாம், இங்கே அது குற்றம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதை மேசை மேல் ஒட்டி வையுங்கள்.

தண்ணீரில் இறக்கிய பிறகு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் ராத்திரி ஒரு மணிக்குப் படகு வந்தது. கிரேன் பட்டை எங்கே விழ வேண்டும் என்று ஓட்டில் முன்கூட்டியே குறி போட்டு வைத்திருந்ததால் கிரேன்காரர் சீக்கிரம் முடித்தார். என் மனைவி தேங்காய் உடைத்தாள். ஷாம்பெயின் எல்லாம் இல்லை.

பட்டறையில் எவ்வளவு நுட்பமாகச் சேர்த்திருந்தாலும், இன்ஜினும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேருகிற கப்ளிங்கைத் தண்ணீரில் இறங்கி ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். தரையில் தாங்குகட்டையில் நின்ற ஓடு வேறு, தண்ணீர் தாங்குகிற ஓடு வேறு. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். கீழே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. 0.1-க்குள் வரும்வரை இன்ஜின் கால்களைத் திருகினேன். கதவு வெட்டியிருந்ததால் இருபது நிமிட வேலை. ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில், பழைய மாதிரி திரிக்கயிறு அடைத்த பெட்டி என்றால், ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழட்டும். பயந்து இறுக்கினால் ஷாஃப்ட் தேயும். கடலுயிர் ஒட்டாமலிருக்க நச்சுப் பெயின்ட் அடித்திருந்தாலும் மாதம் ஒரு முறை முங்கிப் பாருங்கள். துறைமுகத் தண்ணீரில் கொட்டலசு (ஒட்டி வளர்கிற ஓட்டுயிர்) ப்ரொப்பெல்லரைத்தான் முதலில் பிடிக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்கு முன் படகை மேலே ஏற்றிவிடுங்கள்.

முதல் மாதம் ஓட்டியதும் பாய்மரக் கம்பிகளை மறுபடி இறுக்கி, கீல் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தம் எட்டு. ஏழு சரியாக இருந்தன, அரைச் சுற்றுகூடப் போகவில்லை. எட்டாவது, ஒரு முழம் முன்னால் நகர்த்தினோமே, அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். தொட்டியை எடுக்க மேசையைக் கழற்ற வேண்டும், மேசையைக் கழற்றத் தரைப்பலகை, தரைப்பலகைக்கு அந்த 38 ஆயிரம் ரூபாய் அலமாரி. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், "கண்ணை மூடிட்டு ஒரு கையால தொடுங்க சார்" என்றார்.

தொட்டிக்கு நடுவில் போல்ட்டுக்கு நேராக ஒரு குழாய்த் துளை விட்டு மறுபடி வார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறது.